விளங்காத படமும் விரைந்த தீர்ப்பும்



சென்ற இரவு நீங்கள் கண்ட கனவைக் கேட்ட ஒருவர், "உன் உள்ளம் கெட்டது" என்று தீர்ப்புச் சொன்னால் ஒப்புக்கொள்வீர்களா? மாட்டீர்கள். ஆனால் கனவு போன்றதொரு படம் வரைந்த மனிதர்மேல் அப்படித்தான் தீர்ப்பு விழுந்தது. அது நியாயமா?

ஸ்பெயின் நாட்டு மாட்ரிட் நகரில் பிராடோ என்னும் சித்திரசாலை உண்டு. நெதர்லாந்து தேசத்து ஹியரோனிமஸ் போஷ், ஏறக்குறைய 500 ஆண்டுகளுக்கு முன் வரைந்த முப்பலகைப் படம் அங்கே இருக்கிறது. 'இன்பச் சோலை' என்று அதை அழைக்கிறார்கள். இடப்பலகையில் சிங்காரவனம், சர்வேசுரன் ஏவாளை ஆதாமிடம் ஒப்படைக்கிறார். நடுப்பலகையில் ஆடையற்ற மாந்தர் கூட்டம், ஆளினும் பெரிய பழங்களை மொய்த்துக் கொண்டிருக்கிறது. வலப்பலகையில் நரகம். அங்கே இரு பெருங்காதுகளுக்கிடையே ஒரு கத்தி. யாழின் நரம்புகளில் அறையப்பட்ட ஒரு மனிதன்!

இதற்குப் பொருள் என்ன? ஓவியர் எழுதிய விளக்கம் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. ஆகவே, அவரைப் பதிதர் என்று சந்தேகித்தவர்கள் உண்டு. அர்ச். எரோணிமுஸ் சபைத் துறவியான ஹோசே தே சிகுவென்சா 1605ஆம் ஆண்டு அதை மறுத்தார். மற்றவர்கள் மனிதனின் வெளித்தோற்றத்தை வரைகிறார்கள், போஷ் அவன் உள்ளத்தை வரைந்தார் என்பது அவர் கருத்து. வாயில் வைத்ததும் ருசி மறையும் பழம், சிற்றின்பத்தின் அடையாளம் என்றார். ஆனால் 1947இல் வில்ஹெல்ம் ஃபிரேங்கர் என்னும் ஜெர்மானிய அறிஞர், இது ஓர் இரகசியப் பதிதக் கூட்டத்துக்காக வரையப்பட்டது என்று எழுதினார்.

ஏடுகள் சொல்வதென்ன? போஷ் தம் ஊர்த் தேவமாதா சபையின் உறுப்பினர். 1516இல் அவர் இறந்தபோது அச்சபையார் அவருக்காக இறந்தோர் பூசை செய்வித்தனர். அந்த இரகசியக் கூட்டத்தில் அவர் சேர்ந்ததற்கு ஓர் அத்தாட்சியும் இல்லை.

"வெளியே பக்தி, உள்ளே பதிதம் இருந்திருக்கலாமே?" என்பீர்கள். இருந்திருக்கலாம். ஆனால் "இருக்கலாம்" என்பதை வைத்து ஒரு மனிதனைக் குற்றவாளியாக்க நமக்கு உரிமையில்லை. "இப்படம் என் மனதுக்கு ஆகாது" என்று நீங்கள் விலகலாம், அது விவேகம். "இதை வரைந்தவன் கெட்டவன்" என்பதோ அவசரத் தீர்ப்பு, அது பாவம். படம் நம் கண்முன் இருக்கிறது. வரைந்தவர் இருதயமோ சர்வேசுரனுக்கே வெளிச்சம்.

பெற்றோர்களே, இது ஓவியத்தோடு முடிகிற காரியமன்று. கோவிலில் கடைசித் தூணருகே நின்று, நன்மை வாங்காமல் திரும்பும் அயலானைக் கண்டதும் நம் வீடுகளில் என்னென்ன பேசுகிறோம்! அவன் நிலையும் நமக்கு விளங்காத படமே. பிள்ளைகள் நம் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தப் பழத்தையும் யாழையும் பார்த்து, "என்னை இழுக்கும் இன்பம் எது?" என்று கேட்பவனே படத்தைச் சரியாய் வாசித்தவன். அக்கேள்விக்கு விடை சொல்ல உங்களுக்குச் சித்திர சாஸ்திரம் தேவையில்லை. இன்றிரவு ஆத்தும சோதனை செய்தால் போதும்.