பொறுத்துக்கொள்ளத் தக்கது எது?



சென்ற ஞாயிறு பூசை முடிந்தபின் ஒரு தகப்பனார் என்னைத் தேடி வந்தார். மகன் கையில் கட்டியிருந்த வண்ணக் கயிற்றை ஆசிரியர் அவிழ்க்கச் சொல்லிவிட்டாராம். “நம் பள்ளிக்கூடத்துக்கு இந்துப் பிள்ளை விபூதி பூசி வருகிறான், முஸ்லிம் பெண் முக்காடிட்டு வருகிறாள். அதையெல்லாம் பொறுக்கிற சாமி, எங்கள் வழக்கத்தை மட்டும் ஏன் பொறுக்கக் கூடாது?” என்று கேட்டார். கேள்வி நியாயமானதே. நின்ற நிலையில் சொல்லக்கூடிய பதில் எனக்கு வரவில்லை. ஆகையால் இங்கே எழுதுகிறேன்.

நம் திருநெல்வேலிச் சீமைக்கு இது புதிய கேள்வியன்று. 1920-களில் சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் ஒரு குருகுலம் நடத்தினார். தேசபக்தியில் அவரைக் குறைசொல்ல எவராலும் முடியாது. ஆனால் இரண்டு பிராமணச் சிறுவர்கள் மட்டும் அங்கே தனித்து உண்டார்கள். பெற்றோருக்கு அப்படி வாக்குக் கொடுத்திருந்தார் ஐயர். டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ. ராமசாமியாரும் கடுமையாக எதிர்த்தார்கள். அந்த இருவர் இருக்கட்டும், இனி அப்படி எவரையும் சேர்க்க வேண்டாம் என்று 1925-ல் காந்தியடிகள் சமரசம் சொன்னார். கொடுத்த வாக்கைக் காப்பது நல்ல குணம்தான். ஆயினும், பந்தியில் உட்கார்ந்த மற்றப் பிள்ளைகளை ஒரு வார்த்தை கேட்டவர் உண்டா? அவர்கள் அல்லவா அந்த வாக்குக்கு விலை கொடுத்தார்கள்!

அர்ச். சின்னப்பர் இதில் நமக்கு வழிகாட்டுகிறார். கீரை மட்டும் உண்பவனை எல்லாம் உண்பவன் இகழக் கூடாது என்று உரோமையருக்கு எழுதிய நிருபத்தில் (14-ம் அதிகாரம்) புத்தி சொன்னவர் அவரே. ஆனால் அந்தியோக்கியாவில் நடந்ததைப் பாருங்கள். புறஜாதியாரோடு உண்டுவந்த அர்ச். இராயப்பர், யூதர் சிலர் வந்ததும் பயந்து ஒதுங்கிக்கொண்டார். அப்போஸ்தலர்களுக்குத் தலைவர் என்றும் பாராமல் சின்னப்பர் அவரை முகத்துக்கு நேரே கண்டித்தார். கீரையைப் பொறுத்தவர் ஒதுங்கினதைப் பொறுக்கவில்லை. ஏன்? கீரை உண்பவன் தன்னைப்பற்றிச் சொல்கிறான். பந்தியைவிட்டு எழுந்து போகிறவனோ பக்கத்தில் இருப்பவனைப்பற்றிச் சொல்கிறான்.

விபூதி முதல் வகை. அது எவனையும் கீழே தள்ளுவதில்லை. ஜாதிக்கொரு நிறமாகக் கட்டும் கயிறு இரண்டாம் வகை. ‘நான் யாருடைய ஆள், நீ யார்’ என்று எதிரே வருகிறவனை அளப்பதே அதற்கு வேலை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பட்டியல் ஜாதி மாணவன் ஒருவனை அவன் பள்ளியில் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க ஓடிவந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், கயிறு, மோதிரம் ஆகியவற்றோடு நெற்றிக் குறியையும் பள்ளிகளில் விலக்கச் சொல்லியிருக்கிறது. நெற்றிக் குறி விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. பாட்டி பூசிவிட்ட திருநீற்றை அழித்துவிட்டு வா என்று ஒரு பிள்ளையிடம் சொல்ல எனக்கு வாய் வராது. கயிற்றைப்பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை.

‘இதெல்லாம் பிறமதத்தார் வழக்கம்’ என்று நாம் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. வடக்கன்குளம் கோவிலுக்குள்ளேயே ஜாதிகளைப் பிரித்து நின்ற தடுப்பு 1910-ல்தான் அகற்றப்பட்டது. அதை எதிர்த்துச் சென்னை ஹைக்கோர்ட்டு வரை வழக்காடியவர்கள் ஞானஸ்நானம் பெற்ற நம்மவர்களே. அவர்களும் ‘வழக்கம்’ என்றுதான் வாதாடினார்கள்.

அந்தத் தகப்பனாரை வருகிற ஞாயிறு மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன். அதே நிறக் கயிற்றை அடுத்த தெருப் பிள்ளை வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தால் உம் மகன் சந்தோஷப்படுவானா என்று அவரைக் கேட்கப் போகிறேன்.