அனுமதி கேட்காத பாதை

இங்கிலாந்தில் இருக்கிறேன் என்றதும் மலேசிய நண்பர்கள் லண்டனைக் கற்பனை செய்துகொள்கிறார்கள். நான் இருப்பது வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஹெரிஃபோர்ட்ஷியரில். பட்டணம் என்றும் சொல்ல முடியாது, பட்டிக்காடு என்றும் சொல்ல முடியாது. வீட்டுக்கு முன்னால் தார்ச்சாலை, புதிதாகக் கட்டிய வீடுகள், ஒரு பப். பின்னால் உயிர்வேலி, அதைத் தாண்டினால் சைடர் ஆப்பிள் தோப்பும் செம்மறி ஆடுகளும். எரிவாயுக் குழாய் இந்தப் பக்கம் வரவில்லை. வீட்டைச் சூடாக்க எண்ணெய் வாங்கித் தொட்டியில் நிரப்ப வேண்டும். கடைசிப் பேருந்து போய்விட்டால் கார் இல்லாதவர் வீட்டில் கிடக்க வேண்டியதுதான். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். "அங்க உக்காந்து என்னதான் செய்ற?" என்று கிள்ளானிலிருந்து அழைக்கும் நண்பன் தவறாமல் கேட்பான்.

நடக்கிறேன். ஏழு வருடமாக அதைத்தான் செய்கிறேன். ஓரிடத்தில் இருக்க அனுமதி பெற்றிருப்பதும் உரிமை பெற்றிருப்பதும் ஒன்றா என்ற கேள்வி அந்த நடையில்தான் எனக்கு வந்தது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து ஏறக்குறைய 225,000 கிலோமீட்டர் நீளத்துக்குப் பொதுவழிகள் இருக்கின்றன. இவற்றில் பெரும்பகுதி தனியார் நிலத்தின் மீதே போகிறது. மஞ்சள் அம்புக்குறி காட்டும் இடத்தில் வேலியைத் தாண்ட இரண்டு மரப்படிகள் இருக்கும். ஏறி இறங்கினால் யாரோ ஒருவருடைய கோதுமை வயலுக்கு நடுவில் நிற்போம். வயலை ஊடறுத்துப் போகும் பாதையை விவசாயி உழுதுவிட்டால், பொதுவாக 14 நாட்களுக்குள் குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்கு அதைத் திரும்பச் சரிசெய்து கொடுக்க வேண்டும். நமக்கு இருப்பது கடந்துபோகும் உரிமை மட்டும்தான். ஆப்பிள் பறிக்கக் கூடாது, கூடாரம் போடக் கூடாது. ஆனால் 'போ' என்று சொல்ல அந்த நிலத்துக்காரருக்கும் அதிகாரம் கிடையாது.

இதை வெள்ளைக்காரத் துரைகளின் தாராள மனசு என்று நினைத்துவிடக் கூடாது. 1604 முதல் 1914 வரை 5,200க்கும் மேற்பட்ட சட்டங்கள் போட்டு, இங்கிலாந்தின் ஐந்தில் ஒரு பங்கு நிலத்தை வேலி கட்டித் தனியாருக்கு ஆக்கியவர்களும் இவர்கள்தான். பொது மேய்ச்சல் நிலத்தை இழந்த ஏழை ஆங்கிலேயர் கூலிக்காரர்களானார்கள். 1932 ஏப்ரலில் கிண்டர் ஸ்கௌட் மலைமேல் அத்துமீறி நடந்த நூற்றுக்கணக்கான தொழிலாளர்களில் ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். பொதுவழிகளை வரைபடத்தில் பதிய வேண்டும் என்று சட்டம் வந்தது 1949இல்தான். வரைபடத்தில் இன்று பச்சைக் கோடாகத் தெரியும் ஒவ்வொரு பாதையையும் யாரோ நடந்து நடந்து விடாமல் வைத்திருந்தார்கள்.

வரைபடத்தில் ஏறாத பாதைகளும் உண்டு. எங்கள் ஊரில் ஆப்பிள் தோப்பின் ஓரமாக ஆற்றங்கரைக்குப் போகும் பாதை அப்படிப்பட்டது. அதைப் பதிவுசெய்ய மாவட்ட மன்றத்துக்கு மனுப் போடுகிறார்கள். பக்கத்து வீட்டு மூதாட்டி எனக்கும் ஒரு படிவம் கொண்டுவந்து கொடுத்தார். 1980ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டப்படி, பொதுமக்கள் ஒரு பாதையை 20 வருடம் தடையில்லாமல் உரிமையோடு பயன்படுத்தியிருந்தால் அது பொதுவழியாகக் கருதப்படும். ஒரே ஆள் 20 வருடம் நடந்திருக்க வேண்டியதில்லை. அவருடைய நாற்பது வருடத்தோடு என்னுடைய ஏழு வருடமும் கணக்கில் சேரும்.

படிவத்தில் வரிசையாகக் கேள்விகள். எப்போதிலிருந்து நடக்கிறீர்கள்? யாராவது தடுத்தார்களா? பூட்டிய கதவு இருந்ததா? அனுமதி கேட்டீர்களா? நிலத்தின் உரிமையாளரிடம் வேலை பார்த்தீர்களா, அவரிடம் குடியிருந்தீர்களா?

கடைசி இரண்டு கேள்விகளில் பேனா நின்றுவிட்டது. ரோமானியச் சட்டத்திலிருந்து வந்த மூன்று நிபந்தனைகள் இதற்கு அடிப்படை: பலவந்தம் கூடாது, ஒளிவுமறைவு கூடாது, அனுமதியோடும் இருக்கக் கூடாது. முதல் இரண்டும் நியாயமாகத் தெரிகின்றன. மூன்றாவதுதான் உறுத்துகிறது. கேட்டுவிட்டுச் செய்வதுதான் நல்ல பழக்கம் என்று நமக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். இந்தச் சட்டமோ கேட்டவனின் கணக்கை அழித்துவிடுகிறது. "போகலாமா?" என்று கேட்ட கணத்திலேயே மறுக்கும் அதிகாரம் உங்களுக்கு உண்டு என்று ஒப்புக்கொண்டுவிடுகிறோம். அதனால்தான் விவரம் தெரிந்த நிலக்காரர்கள் வழியை அடைப்பதில்லை. 'உரிமையாளரின் அனுமதியுடன் இவ்வழியைப் பயன்படுத்தலாம்' என்று ஒரு பலகை வைத்துவிடுவார்கள். படிப்பதற்கு அன்பாக இருக்கும். ஆனால் அந்தப் பலகை நிற்கும் வரை எத்தனை வருடம் நடந்தாலும் உரிமை பிறக்காது.

என் தாத்தா பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அப்பா பிறந்ததும் அந்த லயத்தில்தான். பெரட்டுக்களத்திலிருந்து கோயிலுக்கும் ஆற்றுக்கும் போன ஒற்றையடிப் பாதைகள் எல்லாம் அவர்கள் காலால் உண்டானவை. தோட்டம் கைமாறியதும் வீட்டைக் காலிசெய்யச் சொன்னார்கள். "தொர கொடுத்த வீடு, தொர கேட்டா குடுத்துதானே ஆவணும்" என்பார் தாத்தா. அதில் கோபம்கூட இருக்காது. கொடுத்தது என்ற சொல்லுக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. மலேசியாவின் 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டம், எத்தனை வருடம் குடியிருந்தாலும் அதை மட்டும் வைத்து நிலம் சொந்தமாகாது, எத்தனை வருடம் நடந்தாலும் அதை மட்டும் வைத்து அடுத்தவர் நிலத்தில் வழியுரிமை வராது என்கிறது. பட்டாப் பதிவேடே எல்லாம் என்னும் அந்த டோரன்ஸ் முறை தென் ஆஸ்திரேலியாவில் பிறந்தது. மலாயாவுக்கு அதைக் கொண்டுவந்தவர்கள் பிரிட்டிஷ் அதிகாரிகள். தங்கள் ஊரில் கால்தடத்தைச் சாட்சியாக ஏற்றுக்கொண்டவர்கள், எங்கள் ஊரில் காகிதத்தை மட்டும் கேட்டார்கள்.

இனத்தை வைத்து மட்டும் இதை முடித்துவிட முடியாது. இங்குள்ள பண்ணைத் தொழிலாளியும் முதலாளி கொடுத்த வீட்டில்தான் இருந்தார். வேலை போனால் வீடும் போகும். 1976இல் வந்த சட்டம்தான் அவருக்குப் பாதுகாப்பு தந்தது. ஆங்கிலச் சட்டப்படியே பார்த்தாலும் என் தாத்தா தோற்றிருப்பார். அந்தக் கடைசிக் கேள்விக்கு அவர் 'ஆம்' என்று எழுத வேண்டியிருந்திருக்கும். அவர் முதலாளியின் ஆள், அவர் நடந்தது முதலாளியின் அனுமதியில். மற்றவரைச் சார்ந்து வாழ்ந்தவரின் காலம் கணக்கில் வராது என்பது இந்த அழகான சட்டத்தின் குருட்டுப் பக்கம். யாரையும் கேட்கத் தேவையில்லாதவருக்கே அது உரிமை தருகிறது.

விவசாயியின் பக்கமும் பொய் இல்லை. அவிழ்த்துவிட்ட நாய் செம்மறியைக் கடித்துக் குதறினால் நட்டம் அவருக்குத்தான். எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் நிலக்காரர் நல்ல மனிதர். பனி கொட்டிய ஒரு வாரம் டிராக்டரில் பாலும் ரொட்டியும் கொண்டுவந்து கொடுத்தார். அவரே ஒருமுறை, "நீங்க எப்ப வேணும்னாலும் இந்தப் பக்கம் நடங்க, எனக்கு ஆட்சேபணை இல்ல" என்றார். நாங்கள் நின்றிருந்தது வரைபடத்தில் பதிவான பொதுவழி. பாலுக்கு நான் சொன்ன நன்றியும் இதற்குச் சொல்லும் நன்றியும் ஒன்றாக இருக்க முடியுமா? பால் அவர் கொடுத்தது, பாதை அவர் கொடுத்தது அல்ல. நான் சிரித்தபடி, "இந்த வழி வரைபடத்திலயே இருக்கு, நல்ல வழி" என்றேன். அவரும் சிரித்தார். எங்கள் நட்பு அப்படியேதான் இருக்கிறது.

குடியேறியவர்களுக்கு இந்த வித்தியாசத்தைப் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். விசாவில் ஆரம்பித்து எல்லாமே அனுமதியாகத்தான் நமக்கு வருகிறது. அதனால் உரிமையாக இருப்பதற்கும் நன்றி சொல்லிப் பழகிவிடுகிறோம். நன்றி மறப்பது பாவம்தான். கடன்படாததற்கு நன்றி சொல்லிக்கொண்டே இருப்பது, நம்மை நாமே குத்தகைக்காரர் ஆக்கிக்கொள்வது.

கோடையில் ஸ்ட்ராபெரி பறிக்க வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வருகிறார்கள். ஆறு மாத விசா, பண்ணைக்குள்ளேயே கேரவன் வீடு, பிளாஸ்டிக் கூடாரங்களுக்கு அடியில் வேலை. 2022இல் இந்தோனேசியர்களும் இந்தத் திட்டத்தில் இங்கிலாந்துக்கு வந்தார்கள். அந்தக் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைக்குப் போகக் கிளம்பிய இரண்டு பேர் மரப்படிக்கு இந்தப் பக்கமே தயங்கி நின்றார்கள். மலாயில் பேச்சுக் கொடுத்தேன். முகம் மலர்ந்தது. "போலே லேவாட் சினி?" என்றார் ஒருவர். இந்த வழியாகப் போகலாமா என்று என்னிடம் அனுமதி கேட்டார்! கேட்கவே வேண்டாம், இது எல்லாருக்கும் உள்ள வழி என்று விளக்கினேன். நம்பாமல்தான் படியேறினார்கள்.

பொதுவழியில் நடக்கப் பாஸ்போர்ட் தேவையில்லை. கேரவனில் அவர்கள் பண்ணையின் ஆட்கள். அந்த ஒரு மீட்டர் அகலத்தில் மட்டும் யாருடைய ஆட்களும் அல்லர். என் தாத்தாவுக்கு அப்படி ஒரு மீட்டர்கூட இருக்கவில்லை.

படிவத்தைப் பூர்த்திசெய்து அனுப்பிவிட்டேன். அனுமதி கேட்டீர்களா என்ற கேள்விக்கு எதிரே 'இல்லை' என்று எழுதியிருக்கிறேன். மன்றம் முடிவு சொல்ல வருடக்கணக்கில் ஆகலாம் என்கிறார் பக்கத்து வீட்டு மூதாட்டி. அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. ஆனாலும் தினமும் கைத்தடியோடு அந்த வழியில் போய்வருகிறார்.