வண்ணச் சுவரும் வாழும் மனிதரும்

வளர்ந்துவரும் நகரில் ஒரு குடியிருப்பை அழகுறச் செய்வது எது? அதன் சுவர்களா, சுவர்களுக்குள் வாழும் மக்களா?

சென்னை துரைப்பாக்கத்தை அடுத்த கண்ணகி நகரை எண்ணிப் பார்ப்போம். ஆற்றோரங்களிலும் சாலையோரங்களிலும் வாழ்ந்த ஏழைக் குடும்பங்கள் 2000-ஆம் ஆண்டையொட்டிய காலந்தொட்டு அங்கே குடியமர்த்தப்பட்டன. தொழிலும் பள்ளியும் பழகிய முகங்களும் தொலைவில் நின்றுவிட்டன. 2020-இல் ஓவியர்கள் அங்குள்ள அடுக்குமாடிச் சுவர்களில் மாபெரும் ஓவியங்களைத் தீட்டினர். அது நற்செயலே. பலர் இகழ்ந்த ஊர்ப்பெயரை அழகோடு இணைத்துச் சொல்லச் செய்தது அக்கலை.

ஆயினும், அழகு நீதிக்கு மாற்றாகாது. வாழ வழி கேட்பவனுக்கு ஓவியம் மட்டும் தருவது, அப்பம் கேட்கும் பிள்ளைக்குக் கல்லைக் கொடுப்பதற்கு ஒப்பாகும். வண்ணம் பூசினாலும் கல் கல்லே.

திருத்தந்தை பிரான்சிஸ் தமது 2015-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில், நெரிசல் மிகுந்த குடியிருப்புகளிலும் உறவுகளைப் பின்னி வாழும் ஏழைகளின் படைப்பாற்றலைப் போற்றுகிறார். அவர்களை இடம்பெயர்க்க நேர்ந்தால், அம்முடிவில் அவர்களுக்கும் பங்கு வேண்டும் என்கிறார்.

ஏனெனில், குடியிருப்பின் முதல் கலைப்படைப்பு அயலாரிடையே மலரும் உறவே. பிறர் பிள்ளைக்கும் சோறிடும் கைகளே அதைப் படைக்கின்றன. இயந்திரம் அதை ஒரே நாளில் இடித்துவிடும். மீண்டும் உருவாகவோ ஒரு தலைமுறை வேண்டும்.

நம் நகர் அழகுபெற வேண்டுமென விழைகிறோம். யாரை அகற்றி அவ்வழகைப் பெறுகிறோம் என்று எப்போதேனும் கேட்டிருக்கிறோமா?