கடல் கொண்டவரும் எழுவார்

பாம்பன், கீழக்கரை, தொண்டி போன்ற கரையூர்களில் வல்லம் கவிழ்ந்து, பலகையைப் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தவர், "மறுபிறப்பு எடுத்து வந்தேன்" என்பார். பிழைத்த மகிழ்ச்சியில் வரும் சொல். அதற்காக அவர்மீது ஃபத்வா தேட வேண்டாம். ஆனால் கியாமத் நாளையும் அப்படியே விளங்கிக்கொண்டால் ஈமானில் குழப்பம் நுழைந்துவிடும்.

மறுபிறப்பு என்பது வேறு உடல், வேறு பெயர், வேறு வீடு. நாம் ஈமான் கொண்டிருப்பது அதுவல்ல. அறபியில் 'பஃது' என்றால் எழுப்புதல். உறங்குகிறவரை எழுப்புவதற்கும் திருமறை இச்சொல்லையே ஆள்கிறது. இரவில் படுத்தவர்தாமே காலையில் எழுகிறார்? தூங்கி விழித்ததும் ஓத நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோமே, அந்த துஆவின் முடிவில் வரும் 'நுஷூர்' என்பதும் இதுதான்.

பாம்பன் பாலத்தைப் பாருங்கள். 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் சிதைந்த பாலத்தை 46 நாட்களில் நிமிர்த்தினார்கள். அதை எழுந்தது எனலாம். 2025 ஏப்ரலில் திறந்தார்களே, அது பக்கத்தில் பிறந்த வேறொரு பாலம். மஹ்ஷரில் நிற்கப்போவது வேறொருவர் அல்லர், நாமேதான்.

அதே புயலில் தனுஷ்கோடியை நெருங்கிய ரயிலைப் பயணிகளோடு கடல் கொண்டுபோயிற்று. அவ்வாறு போனவர்களை நினைத்து, "மையித்தும் கிடைக்கவில்லை, கபுரும் இல்லை. மீன் தின்ற உடம்பை எங்கிருந்து எழுப்புவான்?" என்று தாய்மார்கள் கேட்பதுண்டு. அது நம்பிக்கையின்மை அல்ல. பெற்ற வயிற்றின் வேதனை. அவர்களுக்குப் புகாரி ஷரீபில் விடை இருக்கிறது.

முன்னொரு காலத்து மனிதர் ஒருவர், தம் பாவங்களுக்கு அஞ்சி, தாம் இறந்ததும் உடலை எரித்துச் சாம்பலைக் காற்றில், கடலில் தூவிவிடுமாறு மக்களிடம் சொல்லிவிட்டு மவுத்தானார். அவர்களும் அப்படியே செய்தார்கள். அல்லாஹ் கட்டளையிட்டான், சிதறியது அனைத்தும் ஒன்று சேர்ந்தது, அவர் எழுந்து நின்றார். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்கப்பட்டபோது, உன் அச்சத்தால் என்றார். மன்னிக்கப்பட்டார். சாம்பலைத் திருப்பித் தந்த கடல் நம் பிள்ளையை மட்டும் ஒளித்து வைத்துக்கொள்ளுமா?

நீரில் மூழ்கி இறந்த முஃமின் ஷஹீது என்று நாயகம் (ஸல்) அவர்கள் அருளியிருக்கிறார்கள். இது பெரிய ஆறுதல். ஆனால் ஷஹீதுக்கும் கடன் மட்டும் மன்னிக்கப்படுவதில்லை என்றும் ஹதீஸ் இருக்கிறது. அதே ஆள் எழுகிறார் அல்லவா? சம்மாட்டியிடம் வாங்கிய முன்பணமும், கடையில் எழுதிய பற்றும் அவரோடுதானே எழும்! நாற்பதாம் நாள் விருந்துக்கு ஆடு பார்க்க ஓடுகிறவர்கள், முதலில் அந்தக் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தால் என்ன?

கடன்பட்டு இறந்த ஒருவரின் ஜனாஸாவை நாயகம் (ஸல்) அவர்கள் தொழவைக்காமல் நின்றார்கள். அபூகதாதா (ரலி) அவர்கள் அந்தத் தீனார்களைத் தாம் ஏற்றபின்பே தொழவைத்தார்கள். பிறகும் விடாமல், அது கொடுக்கப்பட்டதா என்று விசாரித்தார்கள். கொடுத்தாயிற்று என்று கேட்டபிறகே, இப்போதுதான் அவருக்குக் குளிர்ச்சி கிடைத்தது என்ற கருத்தில் அருளினார்கள்.