பிடியரிசியும் மிச்சச் சோறும்

யாழ்ப்பாணத்து வீடுகளில் பிடியரிசி என்றொரு வழக்கம் இருந்தது. உலைக்கு அரிசி அளக்கும்போது அதிலிருந்து ஒரு பிடியை எடுத்து வேறொரு பானையில் போட்டு வைப்பார்கள். சேர்ந்த அரிசி பின்னர் கோயிலுக்கோ, ஊர்ப் பொதுக் காரியத்துக்கோ, இல்லாதவர் வீட்டுக்கோ போய்ச் சேரும். முஸ்லிம் ஊர்களிலும் இவ்வழக்கம் அறியப்படாததன்று. சாப்பிட்ட பின் எஞ்சிய சோற்றை வாசலில் நிற்பவருக்குக் கொடுப்பது இன்னொரு வழக்கம். இரண்டும் கொடுத்தல்தான். ஆனால் பிடியரிசி உலை கொதிக்குமுன் எடுக்கப்படுவது. வீட்டில் அன்று எவ்வளவு பசி என்பதைக் கேட்டு அது எடுக்கப்படுவதில்லை. மிச்சச் சோறோ, மிஞ்சினால் மட்டுமே உண்டு.

செல்வந்த நாடுகள் வறிய நாடுகளுக்குக் கொடுப்பது இவற்றுள் எந்த வகை?

1970 ஒக்டோபர் 24 ஆம் திகதி ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. பொருளாதாரத்தில் முன்னேறிய நாடுகள் தமது தேசிய உற்பத்தியில் 0.7 சதவீதத்தை வளர்முக நாடுகளின் அபிவிருத்திக்கு வழங்க வேண்டும் என்பது அதன் இலக்குகளில் ஒன்று. வகுப்பறைக் கணக்கில் சொன்னால், நூறு ரூபாவில் எழுபது சதம். மிகுதி 99 ரூபா 30 சதமும் உழைத்தவரிடமே இருக்கும். அரை நூற்றாண்டு கடந்தும் இவ்வெழுபது சதம் சேரவில்லை. 2024 இல் அந்த அளவை எட்டியவை நோர்வே, சுவீடன், டென்மார்க், லக்சம்பேர்க் ஆகிய நான்கு நாடுகளே. கொடையளிக்கும் நாடுகள் அனைத்தும் சேர்ந்து கொடுத்தது அவற்றின் வருமானத்தில் 0.33 சதவீதம், அதாவது நூறு ரூபாவில் முப்பத்துமூன்று சதம்.

பிரித்தானியா 2013 இல் அந்த இலக்கை எட்டி, 2015 இல் அதனைச் சட்டமாக்கவும் செய்தது. ஆயினும் 2021 இல் 0.5 ஆகக் குறைத்தது. 2027 இல் 0.3 ஆகக் குறைத்துப் பாதுகாப்புச் செலவுக்கு வழிவிடப்போவதாக 2025 பெப்ரவரியில் அறிவித்தது. 1961 இல் அமெரிக்கா தொடங்கிய யுஎஸ்எய்ட் நிறுவனம் 2025 ஜூலையில் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. நாளொன்றுக்கு மூன்று டொலருக்கும் குறைவான பெறுமதியில் வாழ்வோர் எண்பது கோடிக்கு மேல் என உலக வங்கி கணக்கிட்ட அதே ஆண்டில்தான் இது நடந்தது.

கண்காணாத் தேசத்து ஏழைக்கு நாம் ஏன் கடமைப்பட்டவர் என்று அந்நாட்டு மக்கள் கேட்கலாம். 1971 இல் கிழக்கு வங்காள அகதிகள் பட்டினியில் வாடியபோது பீற்றர் சிங்கர் என்ற தத்துவ அறிஞர் இக்கேள்வியை எடுத்துக்கொண்டார். ஆழமில்லாத குளத்தில் ஒரு குழந்தை அமிழ்வதைக் காண்பவர் உடுப்பு நனையுமே என்று நிற்பாரா? நிற்கமாட்டார் எனின், குழந்தை பத்து முழத்தில் இருந்தாலென்ன, பத்தாயிரம் மைலில் இருந்தாலென்ன என்பது அவரது வாதம்.

தூரம் கடமையைக் குறைக்காது என்பதற்கு எங்கள் ஊரிலேயே ஒரு கட்டடச் சாட்சி உண்டு. போர் முடிந்து இரண்டு ஆண்டுகளில், 2011 இல், இலங்கையின் தென்முனையான தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை ஒரு குழுவினர் 27 நாட்கள் நடந்து நிதி சேர்த்தனர். அந்நிதியைக் கொண்டு தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. 2013 இல் திறக்கப்பட்டது. கொடுத்தவர்களுள் எத்தனை பேர் தெல்லிப்பழையைக் கண்டிருப்பார்கள்? அங்கே படுக்கப்போகும் நோயாளியின் பெயர், மொழி, மதம் எதுவும் அவர்களுக்குத் தெரியாது. தெரியாமலே கொடுத்தார்கள்.

ஆனால் இரக்கத்தை மட்டும் நம்பியிருக்க முடியுமா? 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தபோது உலகம் அள்ளிக்கொடுத்தது. அலையைத் தொலைக்காட்சியில் உலகமே பார்த்தது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் புத்தளத்து ஓலைக் குடிசைகளில் அப்போது பதினான்கு ஆண்டுகளைக் கழித்திருந்தார்கள். அதே 1990 இல் எங்கள் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்களும் நலன்புரி நிலையங்களில் இருந்தார்கள். இவர்களுடைய வறுமைக்கு அலையும் இல்லை, படமும் இல்லை. ஆதலால் அவ்வளவு இரக்கமும் இல்லை. கண்ணுக்குத் தெரியும் துயரத்தின் பின்னால் இரக்கம் ஓடுகின்றது. நாள்தோறும் மெல்லக் கொல்லும் வறுமையை அது காண்பதில்லை.

இரக்கத்தின் இக்குறையை அறிந்துதான் போலும், இஸ்லாம் சதகாவையும் ஸகாத்தையும் வேறுபடுத்தி வைத்திருக்கின்றது. இவ்வேட்டின் வாசகருக்கு அதனை நான் விளக்கத் தேவையில்லை. சதகா மனம் விரும்பிக் கொடுப்பது. ஸகாத்தோ அளவு குறிக்கப்பட்டது. வரையறைக்கு மேற்பட்டு ஓராண்டு நிறைந்த சேமிப்பில் நாற்பதில் ஒரு பங்கு. கொடுப்பவரின் அன்றைய மனநிலை அதைக் கூட்டவோ குறைக்கவோ மாட்டாது. அப்பங்கு ஏழையின் உரிமை. அதைப் பிரித்துக் கொடுப்பவர் வள்ளல் என்று பெயர் வாங்குவதில்லை, கணக்குத் தீர்க்கிறார். ஆழிப்பேரலைக்குக் கிடைத்தது உலகின் சதகா. 1970 இல் வாக்களிக்கப்பட்ட எழுபது சதம் ஸகாத்தைப் போன்று கணிக்கப்பட வேண்டியது. செல்வந்த நாடுகள் அதனையும் சதகாவாக்கி, தமக்கு மனம் வரும்போது கூட்டி, மனம் வராதபோது குறைக்கின்றன. பிழை இங்கேதான் இருக்கின்றது.

"கொடுத்தால் உங்கள் ஆட்சியாளர் தின்றுவிடுகிறார்களே" என்பது அடிக்கடி கேட்கும் மறுப்பு. இதில் உண்மை உண்டு. எமது பொருளாதார வீழ்ச்சிக்கு முன்னாள் ஜனாதிபதிகள் இருவர் உட்படப் பலர் பொறுப்பாளிகள் என்று 2023 நவம்பரில் உயர் நீதிமன்றமே தீர்ப்பளித்தது. ஆனால் தண்டனையை அனுபவித்தவர் யார்? 2022 ஏப்ரல் 12 ஆம் திகதி இலங்கை வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாதென அறிவித்தது. அதற்கு முந்திய மாதம் மேல் மாகாணத்தில் கடதாசி இல்லாமல் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. மருந்தில்லாத வைத்தியசாலைகளையும் எரிபொருள் வரிசைகளையும் நாம் மறக்கவில்லை. 2021 இல் 13.1 சதவீதமாக இருந்த வறுமை மறு ஆண்டில் 25 சதவீதமாயிற்று என்றது உலக வங்கி. தகப்பன் சூதாடியதற்காகப் பிள்ளையின் கஞ்சியைப் பறிப்பது நீதியாகாது. கொடுக்கும் வழியைத் திருத்துங்கள், கணக்குக் கேளுங்கள். கொடாமலிருக்க அதனை ஒரு சாட்டாக்காதீர்கள்.

கடன் கொடுத்தவர் பக்கத்தையும் பார்க்க வேண்டும். 2007 இல் இலங்கை முதன்முறையாகச் சர்வதேச முறிச் சந்தையில் 50 கோடி டொலர் பெற்றபோது வட்டி 8.25 சதவீதம். இவ்வளவு உயர்ந்த வட்டி எதற்கு? பணம் திரும்பாமற் போகக்கூடும் என்ற ஆபத்துக்கான விலை அது. ஆபத்துக்கு விலை வாங்கியவர் ஆபத்து வந்தபோது அதனைச் சுமக்கவும் வேண்டும். இலங்கையின் முறிக்கடன் மறுசீரமைக்கப்பட 2024 டிசெம்பர் ஆயிற்று. முறிந்துபோன வியாபாரிக்குப் பெரும்பாலான நாடுகளில் நீதிமன்றம் உண்டு. முறிந்துபோன நாட்டுக்கு அப்படியொரு மன்றம் உலகில் இல்லை. இந்த முறிகளில் பெரும்பாலானவை நியூயோர்க் அல்லது இங்கிலாந்துச் சட்டத்துக்கு உட்பட்டவை. ஆகவே அந்நாடுகள் தம் சட்டத்தைத் திருத்தினாலே பெரும் உதவியாகும். மிக வறிய நாடுகள் சிலவற்றின் பழைய கடன்கள் தொடர்பாகப் பிரித்தானியா 2010 இல் அத்தகையதொரு சட்டத்தை இயற்றியிருக்கின்றது. மனமிருந்தால் செய்யலாம் என்பதற்கு அதுவே சான்று.

உதவி மக்களைச் சோம்பேறிகளாக்கும் என்பாரும் உளர். வடக்கின் வயல்களிலும் வளவுகளிலும் கண்ணிவெடி அகற்றும் பணிக்கு அமெரிக்கா, யப்பான், நோர்வே, பிரித்தானியா முதலிய நாடுகளின் பணம் உதவியது. வெடி அகற்றிய நிலத்தில் எவரும் கைகட்டி உட்காரவில்லை. வெங்காயமும் புகையிலையும் நட்டார்கள். காலுக்குக் கீழே வெடி இருக்கும்வரை உழைப்பாளியும் உழைக்க முடியாது. பசியும் கல்வியின்மையும் நோயும் அத்தகைய வெடிகளே.

இதை ஒரு கிராமத்து வாத்தியார் எழுதுவதால் வாஷிங்டனும் இலண்டனும் கேட்டுவிடுமா என்று நண்பர்கள் சிரிக்கக்கூடும். ஆனால் எம்மவர் இப்போது அந்நாடுகளில் வெறும் அகதிகளாக இல்லை. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் எங்கள் தமிழரும் முஸ்லிம்களும் வாக்காளர்களாக, வரி செலுத்துவோராக இருக்கிறார்கள். ஊருக்குக் காசு அனுப்புகிறார்கள், அது நன்று. வாக்குக் கேட்டு வரும் வேட்பாளரிடம் "அந்த எழுபது சதம் எங்கே?" என்றும் அவர்கள் கேட்க வேண்டும். நம் ஊருக்காக மாத்திரமன்றி, சூடானுக்காகவும் யெமனுக்காகவும் கேட்க வேண்டும். பசியென்றால் என்ன, இடப்பெயர்வென்றால் என்ன என்று அறிந்தவர்கள் கேட்காவிடில் வேறு யார் கேட்பது?

நாமும் தப்பமுடியாது. உள்ளூரில் மாடி மேல் மாடி கட்டுகின்றவர்களுக்கும், மாதச் சம்பளம் வாங்கும் என்னைப் போன்றவர்களுக்கும் இதே அளவுகோல்தான். உலை வைக்குமுன் ஒரு பிடியை எடுத்து வைத்தவரே அடுத்த வீட்டுப் பானையைப் பற்றிப் பேசலாம்.