ஒரு விநாடி மௌனம்

சொல்லும் கட்டளையும் ஒரே எழுத்துக்களால் ஆனவை. ஒன்று எங்கே மற்றதாகிறது என்ற கேள்வியை மொழியியல்காரர்களிடம் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். தொலைபேசிக் கம்பிவழியே கணிப்பொறிகளைப் பேசவைத்த மோடம் என்ற பெட்டியைப் பற்றிப் படித்தபின் அப்படி விட முடியவில்லை.

1981இல் அமெரிக்காவின் ஹேய்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஸ்மார்ட்மோடம் எழுத்துக்களுக்குக் கீழ்ப்படிந்தது. அதற்குமுன் பலர் கையால் எண்ணைச் சுழற்றி, ரிஸீவரை ரப்பர்க் கிண்ணங்களில் பொருத்திக்கொண்டிருந்தார்கள். இதில் 'ஏடிடிடி' என்று தட்டி எண்ணைக் கொடுத்தால் தானே கூப்பிடும். 'ஏடிஎச்' என்றால் துண்டிக்கும். கீழ்ப்படிந்ததற்கு அடையாளமாய் 'ஓகே' என்று பதில் வரும். (எங்கள் மானேஜருக்கு நாங்கள் சொல்வதும் இதுதான்.)

ஆனால் கட்டளையும் செய்தியும் ஒரே கம்பியில் வருகின்றன. தொடர்பு கிடைத்தபின் தட்டுவதெல்லாம் எதிர்முனைக்கான பேச்சு. நடுவே மோடத்தையே கூப்பிட மூன்று கூட்டல் குறிகள், +++, என்று வைத்தார்கள். யாரும் தம் கடிதத்துக்குள் அதை எழுதிவிடலாமே? டேல் ஹெதரிங்டன் கண்டு, 1985இல் காப்புரிமை பெற்ற தீர்வு எனக்கு மிக அழகாகப் படுகிறது. குறிகளுக்கு முன்னும் பின்னும், வழக்கமாக ஒரு விநாடி, எதுவும் வரக்கூடாது. மௌனம் சூழ்ந்திருந்தால் அது அழைப்பு. இல்லையேல் வெறும் எழுத்து.

காப்புரிமைக்குப் பணம் தர விரும்பாத சில உற்பத்தியாளர்கள் பிறகு மௌனத்தைக் கைவிட்டார்கள். குறிகளை ஒட்டிச் செல்லுபடியாகும் கட்டளை வந்தாலே போதும் என்றார்கள். 1998இல் குறும்புக்காரர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். மோடம் தன் கணிப்பொறி சொல்வதற்கு மட்டுமே பணியும். வெளியார் சொல்லுக்குப் பணியாது. ஆகவே 'பிங்' என்ற விசாரிப்புக்குள் அந்தக் கட்டளையை வைத்து அனுப்பினார்கள். பிங்குக்குப் பதில், வந்ததை அப்படியே திருப்பிச் சொல்வது. அந்த மரியாதையைச் செய்த கணிப்பொறி, தன் வாயாலேயே தன் தொடர்பை அறுத்துக்கொண்டது.

பிறர் சொல்லைத் திரும்பச் சொல்கிறவனை அச்சொல்லுக்கு உடையவனாக்கியது இந்தச் சிக்கனம். மேற்கோளையும் விருப்பத்தையும் பிரித்துக் காட்டிய வெற்றிடம் செலவாகத் தெரிந்திருக்கிறது.

மௌனத்தை ரொம்ப உயர்த்தவும் எனக்குத் தயக்கம். அந்த விநாடிக்கு யார் மனமும் தெரியாது. தற்செயலாக அப்படி அமைவது அரிது, அவ்வளவே. பிறர் விருப்பத்தை நாம் அறிவதில்லை. தற்செயலாக இருக்காது என்று ஊகித்துச் செயல்படுகிறோம். நான் தினமும் சரிபார்க்கும் கையெழுத்தும் இந்த ஜாதிதான்.

ஒருநாள் கவுன்ட்டரில் ஒரு பெரியவர், மகனோடு ஏதோ மனத்தாங்கல், "கணக்கை முடிச்சுடுங்க, யாருக்குச் சேர்த்து வைக்கிறது" என்றார். பின்னால் வரிசை நீண்டிருந்தது. படிவத்தை நீட்டினேன். கையெழுத்து ஒத்திருந்தது. அவர் சொல்லி முடித்ததற்கும் நான் நீட்டியதற்கும் நடுவில் ஒரு விநாடிகூட இருந்திருக்காது.

இரண்டு நாள் கழித்து வந்தார். "ஒரு பேச்சுக்குச் சொன்னேன் தம்பி" என்றார். விதிப்படி என்மேல் தவறில்லை. புதுக் கணக்குக்கு இரண்டு போட்டோ வேண்டும் என்று சொன்னேன்.