காணாமையும் இன்மையும்

சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் அறிவின் வாயில்களாகிய அளவைகளை எண்ணும்போது, காட்சி, கருதல் (அனுமானம்), உரை ஆகியவற்றோடு, ஒன்று இல்லாமையை அறியும் அபாவத்தையும் குறிப்பிடுகிறது. தேடியும் காணாததை இல்லையென்று எப்போது துணியலாம் என்னும் கேள்வி, சுத்துக்கேணி போன்ற ஊரிலிருந்து சோகையோடும் குருதிக்கசிவைக் காட்டும் கரிய மலத்தோடும் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு வரும் முதியவரிடத்தில் வெறும் தருக்கமாக நிற்பதில்லை. மேலிருந்தும் கீழிருந்தும் செலுத்தப்படும் எண்டோஸ்கோப்பியில் எதுவும் தென்படாதபோது, இடையே ஏறக்குறைய 6 மீட்டர் நீளமுள்ள சிறுகுடல் எஞ்சுகிறது. முதுமையில் அங்கே பெரும்பாலும் கசிவது, குடற்சுவரில் விரிந்து மெலிந்த நுண்குருதிக் குழாய்ப் பின்னலாகிய ஆஞ்சியோடிஸ்பிளேசியா. 2001இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற, விழுங்கத்தக்க கேமரா மாத்திரை அப்பகுதியைக் காட்சிக்குள் கொண்டுவந்தது என்றாலும், கசிவு விட்டுவிட்டு நிகழ்வதால், படத்தில் இல்லாதது உடலிலும் இல்லையென்று ஆகாது. அங்கே கருதலே துணை: இதயத்தின் பெருந்தமனி வால்வு சுருங்கியோரிடம் காரணம் புலப்படாத குருதிப்போக்கு காணப்படுவதை 1958இல் மருத்துவர் எட்வர்ட் ஹைட் சுட்டிக்காட்டினார், மூட்டுவலி மாத்திரை உண்போரிடம் குடற்புண்ணை ஐயுறுவதும் இவ்வகையதே. ஆயினும், இரும்புச்சத்து மட்டுமே தந்து எண்பது வயதினரைச் சோர்வின்றி நடமாடச் செய்ய இயலுமெனில், மேலும் தேடும் வேட்கை நோயாளியுடையதா மருத்துவருடையதா என்று வினவுவதில் பிழையில்லை.